வீட்டிலிருந்தே நாய், பூனைக் கழுத்துப்பட்டைத் தொழில்: கணவன் மனைவி இருவராகத் தொடங்குவது எப்படி

செல்லப்பிராணிப் பொருள் என்றதும் மெத்தை, சட்டை, பொம்மை, பெல்ட் என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்துவிடத் தோன்றும். வேண்டாம். ஒரே பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். அது கழுத்துப்பட்டையாக இருக்கட்டும். நான்கே உதிரிகள், ஒரு தையல் மெஷின், ஒரு மேசை போதும். முடிந்த பொருள் ஒரு சின்ன உறைக்குள் அடங்கிவிடும்.

மெத்தையில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அனுப்பும் செலவில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பல கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதில் வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் காசு கேட்பார்கள். 60 × 45 × 15 செ.மீ. பொட்டலம் ஒன்றரைக் கிலோதான் இருக்கும், ரசீதில் 8.1 கிலோ என்று வரும். மார்புப் பட்டையும் (ஹார்னஸ்) முதல் ஆறு மாதத்துக்கு வேண்டாம். கழுத்து, மார்புச் சுற்று, முதுகு நீளம் என மூன்று அளவில் ஒன்று தப்பினாலும் முன்னங்கால் அக்குளில் உரசிப் புண்ணாகும், பொருள் திரும்பி வரும்.

நாடா, வளையம், பக்கிள்

வாங்குகிறவர் கண்ணுக்கு நிறமும் டிசைனும் தெரியும். நாய் இழுக்கும்போது வேலை செய்வது வளையமும் தையலும்தான். காசை அங்கே போடுங்கள்.

நாடாவில் மூன்று வகை கிடைக்கும். பாலிப்ரொப்பிலீன் மலிவு, தண்ணீரில் மிதக்கும், ஆனால் வெயிலில் சீக்கிரம் நொய்ந்துபோகும், முரடாகவும் இருக்கும். நைலான் வழவழப்பு, நல்ல பலம், ஆனால் தண்ணீரை உறிஞ்சும். நனைந்தால் கொஞ்சம் நீளும், காயவும் நேரமாகும். பாலியஸ்டர் கிட்டத்தட்ட தண்ணீரே குடிக்காது, வெயிலில் நிறமும் நன்றாகத் தாங்கும். முதல் ரோலுக்கு பாலியஸ்டர்தான் எங்கள் சிபாரிசு. பை தைக்கும் நாடா என்று விற்பதையே வாங்கலாம், ஆனால் கையால் மடித்துப் பாருங்கள். மடித்த இடத்தில் இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் அது கைப்பைக்கு மட்டும்தான் ஆகும்.

அகலத்தைப் பொறுத்தவரை பூனைக்கும் சின்னக் குட்டிக்கும் 10 மி.மீ., சிறிய நாய்க்கு 15, நடுத்தர நாய்க்கும் பெரிய நாய்க்கும் 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நாயின் கழுத்தில் 15 மி.மீ. நாடா போட்டால் அறுந்துபோகாது. இழுக்கிற பாரம் மெல்லிய கோட்டில் விழுந்து தொண்டையை அழுத்தும்.

லீஷ் (நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கும் கயிறு) மாட்டும் டி வடிவ வளையத்தில் பற்றவைத்தது, வெறுமனே வளைத்து முட்டவைத்தது என்று இரண்டு உண்டு. முட்டவைத்ததில் ஒரு முடிக்கோடு மாதிரி இடைவெளி தெரியும். பலமாக இழுத்தால் அந்த வாய் திறந்துகொள்ளும், நாடா மெதுவாக நழுவி வெளியே வரும். பற்றவைத்தது மட்டும் வாங்குங்கள். துருவுக்கு ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். முலாம் பூசிய இரும்பு டக்கென்று ஒட்டும், பித்தளை ஒட்டாது, 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒட்டாது அல்லது லேசாக ஒட்டும். ஆனால் காந்தத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. துத்தநாகக் கலவை வார்ப்பும் காந்தத்தில் ஒட்டாது, அது திடீர் இழுப்பில் வளையாமல் நேராக உடையும். துண்டை நாய் விழுங்கினால் துத்தநாகம் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது அதைவிடப் பெரிய கவலை. எந்த உலோகம் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். கூடவே, ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்து, வளையத்தை நனைத்து வெளியே காயவைப்பதை மூன்று நாள் செய்யுங்கள். பழுப்புப் புள்ளி வந்தால் அந்த முழு பாக்கெட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கிளில் அசிட்டால் பிளாஸ்டிக் நல்ல தேர்வு. பத்துப் பதினைந்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். ஒரே மாதிரி ‘க்ளிக்’ வர வேண்டும். சத்தம் மங்கினால் நாக்கு முழுதாக உள்ளே போகவில்லை என்று அர்த்தம்.

வெட்டும் அளவு

25 மி.மீ. பட்டைக்கு, அதிகபட்சக் கழுத்தளவோடு 12 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். 60 செ.மீ. நாடா ஏறத்தாழ 34 முதல் 48 வரை போகும் பட்டையைத் தரும், 75 செ.மீ. நாடா 41 முதல் 63 வரை. 15 மி.மீ. சிறிய பட்டைக்கு மடிப்பும் பக்கிளும் சிறியவை, அதனால் 9 கூட்டினால் போதும்: 40 செ.மீ. வெட்டினால் 22 முதல் 31 வரை. பக்கிளின் நீளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் முதல் பட்டையைத் தைத்து அளந்துவிட்டுத்தான் மீதியை வெட்ட வேண்டும்.

50 மீட்டர் ரோலில் 60 செ.மீ. துண்டு 83 வர வேண்டும், கணக்குப்படி. ஆனால் ரோலின் நடுவில் ஒட்டுப் போட்ட இடம் இருக்கும், முனை நசுங்கியிருக்கும். 80 என்றே கணக்கு வையுங்கள்.

வெட்டிய முனையை உருக்கி அடைக்க வேண்டும், இல்லையேல் பிரியும். மெழுகுவர்த்தியும் லைட்டரும் கரி பிடிக்கவைக்கும், வெளிர் நிறத்தில் அசிங்கமாகத் தெரியும். தட்டை முனை போட்ட சால்டரிங் அயர்ன் நல்லது. உருகிய விளிம்பு குளிர்ந்ததும் சின்ன மணி மாதிரி கெட்டியாகும். அதை விரலால் தடவினால் பெரிதாகத் தெரியாது, உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள், கீறும். சூடு ஆறுவதற்குள் ஸ்பூனின் பின்பக்கத்தால் அழுத்தித் தட்டையாக்குங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பறவை வளர்க்கும் வீடானால் கூண்டை வேறு அறைக்கு மாற்றிவிட்டு.

தையல்

இரண்டு மூன்று அடுக்கு நாடாவைக் குத்த 110/18 எண் ஊசி, டெக்ஸ் 70 (டெக்ஸ் என்பது நூலின் கனத்தைச் சொல்லும் எண்) பாண்டட் நைலான் நூல், அதாவது இழைகள் பிரியாமல் ஒட்டவைத்தது. வீட்டு மெஷின் அந்த நூலை இழுக்கத் திணறினால் 100/16 ஊசியில் டெக்ஸ் 40 பாலியஸ்டர் நூல் போட்டு ஒவ்வொரு தையலையும் இரண்டு சுற்று போங்கள். தையல் நீளம் 3 மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் பலம் என்று நினைத்து 1.5-க்குக் குறைப்பவர்கள் உண்டு. ஊசித்துளைகள் வரிசையாக விழுந்து நாடாவே தபால்தலை ஓரம் போல் ஆகிவிடும்.

வரிசை இதுதான். நாடாவின் ஒரு முனையை அட்ஜஸ்டரின் (நீளத்தைக் கூட்டிக் குறைக்கும், நடுவில் கம்பியுள்ள சட்டம்) நடுக்கம்பியைச் சுற்றி 4 செ.மீ. மடித்துத் தையுங்கள். மறுமுனையை நாக்கு உள்ள பக்கிள் பாதிக்குள் நுழைத்து, திரும்பக் கொண்டுவந்து அட்ஜஸ்டருக்குள் மேலேறி நடுக்கம்பியைத் தாண்டிக் கீழிறங்க விடுங்கள். இப்போது நீளம் கூடிக் குறையும் பக்கம் தயார். அடுத்து டி வளையத்தைக் கோர்க்கவும்: நேர்க்கம்பி கழுத்துப் பக்கம், வளைவு வெளிப்பக்கம். பிறகு கூடு உள்ள பக்கிள் பாதியைக் கோர்த்து, 8 செ.மீ. நாடாவைக் கழுத்துப் பக்கமாக மடியுங்கள். வளையத்தின் நேர்க்கம்பி இரண்டு அடுக்குக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும், தோலில் படாது.

தைக்கும் முன் ஒரு நிமிடம். மடிப்பைக் கிளிப் போட்டுப் பிடித்துவிட்டு இரண்டு பக்கிள் பாதிகளையும் மாட்டிப் பாருங்கள். பட்டை முறுக்கில்லாமல் வட்டமாக நிற்கிறதா? பக்கிளின் வளைவு கழுத்தை ஒட்டி இருக்கிறதா? வளையம் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், வளையமே கோர்க்காமல் தைத்து முடிப்பதுதான் தொடக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு. தைத்ததைப் பிரித்தால் நாடாவில் துளை நிற்கும், அதை விற்க முடியாது.

பக்கிளை ஒட்டி 2 செ.மீ. சதுரம், அதற்குள் குறுக்காக ஒரு பெருக்கல் குறி. ஒரு செ.மீ. இடம் விட்டு அங்கே வளையம். அதைத் தாண்டி இன்னொரு சதுரமும் பெருக்கல் குறியும். ஆரம்பத்திலும் முடிவிலும் நான்கு தையல் ரிவர்ஸ். மடிப்பின் மேட்டில் மெஷினின் பாதம் சாய்ந்து நிற்கும், தையல் விட்டுவிட்டு விழும். பாதத்தின் பின்பக்கத்துக்கு அடியில் அதே கனத்தில் ஒரு நாடாத் துண்டை மடித்து வைத்தால் பாதம் சமமாகி ஊசி ஒழுங்காக இறங்கும். அப்படியும் தையல் தாவினால் ஊசி மழுங்கிவிட்டது. எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு ஊசி என்று மாற்றிவிடுங்கள். அடிப்பக்கம் நூல் குச்சு குச்சாகத் தொங்கினால் பாபினைக் குறை சொல்லாதீர்கள். மேல்நூலைத் தப்பாகக் கோர்த்திருப்பீர்கள். பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடி கோர்த்துப் பாருங்கள்.

ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடி எடுத்து ஒட்டிவைத்துப் பார்த்து, முழு ஊசி சேர்ந்த பிறகே அடுத்த பட்டை. சேரவில்லையென்றால் மேசையில் இருந்த பட்டைகளைக் காந்தத்தால் தடவுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் அவற்றைக் குப்பையில் போடுங்கள். ஒரு மாலை வேலை போச்சே என்று வயிறு எரியும்தான். நாயின் கழுத்தில் முனை குத்தினால் எரிவது வேறு.

மேலே பூத்துணி வைத்துத் தைக்கிறீர்களானால் பருத்தியை முதலில் அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு வெட்டுங்கள். அலசாத பருத்தி முதல் குளியலிலேயே சுருங்கும், நாடா சுருங்காது, பட்டை நெளிநெளியாகிவிடும். சாயமும் பார்க்க வேண்டும்: நனைத்த வெள்ளைத் துணியால் ஐம்பது முறை தேய்த்தால் கறை வருகிறதா? வந்தால் வெள்ளை நாயின் கழுத்திலும் வரும்.

வேலை அறைக்குள் வீட்டு நாயும் பூனையும் வரக் கூடாது. முடி ஒட்டும் என்பது சின்னக் காரணம். தரையில் கிடக்கும் நூலைப் பூனை விழுங்கினால் அது குடலைச் சுருக்கி இழுத்து அறுவைச் சிகிச்சையில் கொண்டுபோய் விடும்.

பூனைக்கு வேறு விதி

நாயின் பட்டை கழன்றுவிடக் கூடாது; பூனையின் பட்டை கழன்றே ஆக வேண்டும். கிளையிலோ வேலியிலோ மாட்டிக்கொண்ட பூனை தன் எடையாலேயே தப்பிக்க வேண்டும், அதற்கென்று இழுத்தால் திறக்கும் பாதுகாப்புப் பக்கிள் தனியாகக் கிடைக்கும். நாய்ப் பக்கிளைச் சின்னதாக்கிப் போட்டுப் பூனைப் பட்டை என்று விற்காதீர்கள். சோதிப்பது எளிது: பட்டையை மாட்டிய நிலையில் ஒரு கதவுப் பிடியில் தொங்கவிட்டு, அதன் அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிடுங்கள். திறக்காத பக்கிள் பூனைக்கு ஆகாது. பாட்டிலைக் கட்டுவது டி வளையத்தில் அல்ல, பட்டையின் அடிவளைவில். அப்போதுதான் பாரம் இரண்டு பக்கமும் பிரிந்து, பூனை தொங்கும்போது விழுவது போலவே பக்கிளில் விழும். இதில் லீஷ் மாட்டக் கூடாது என்று அட்டையில் அச்சிடுங்கள்.

தைத்தவர் சோதிக்கக் கூடாது

இருவர் சேர்ந்து செய்வதன் உண்மையான லாபம் இதுதான், வேலை பாதியாவது அல்ல. தைத்தவரின் கண் தன் தையலின் பிழையைத் தாண்டிப் போய்விடும். ஒருவர் வெட்டித் தைக்கட்டும், மற்றவர் சோதித்து, படம் எடுத்து, கட்டி அனுப்பட்டும். சோதிப்பவர் ‘இது போகாது’ என்றால் அது போகாது. அதன் மேல் பேச்சு இல்லை என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு, மறுநாள் அனுப்ப வேண்டிய பட்டையை வைத்துக்கொண்டு முடிவு செய்ய முடியாது.

ஒவ்வொரு பட்டையையும் மாட்டி, இரண்டு கையாலும் உடம்பின் பலத்தோடு இழுத்துப் பாருங்கள், தையலை விரலால் தடவிப் பாருங்கள். இருபதுக்கு ஒன்றைப் பலிகொடுங்கள். மாட்டிய பட்டையை ஒரு பலமான கம்பியில் தொங்கவிட்டு, டி வளையத்தில் 20 லிட்டர் தண்ணீர் வாளிகள் இரண்டைக் கட்டிப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு வாளிகளைக் கையால் 10 செ.மீ. தூக்கி விடுங்கள், காலைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். நாயின் ஓட்டம் கயிற்றின் முடிவில் சட்டென்று நிற்கும்போது விழும் உதறல் அதன் எடையைவிடப் பல மடங்கு. இந்தச் சோதனையில் நூல் அறுந்தால் நூல் மெல்லிசு, நாடா கிழிந்தால் தையல் நெருக்கம், பக்கிள் விட்டால் வேறு பக்கிள். சோதித்த பட்டையை வெட்டிப் போடுங்கள், விற்க வேண்டாம்.

ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எண். எந்த ரோல், எந்த வளையப் பாக்கெட், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில். அந்த எண்ணை அட்டையின் பின்னால் எழுதுங்கள்.

நிறம் கூடினால் கணக்கு கூடும்

நான்கு நிறம், மூன்று அளவு என்றால் 12 வகைச் சரக்கு. இன்னும் இரண்டு நிறம் அழகாக இருக்கிறதே என்று சேர்த்தால் 18. வளையம் வெள்ளியிலும் தங்க நிறத்திலும் என்றால் 36. ஒவ்வொன்றிலும் ஐந்து வைத்தால் 180 பட்டை அலமாரியில் தூங்கும். புது நிறம் வேண்டுமானால் விற்காத ஒரு நிறம் வெளியே போக வேண்டும்.

விலை

ஒரு பட்டையின் அடக்கம் என்றால் நாடா, உதிரி, நூல், அவற்றில் கழிவுக்கு நூற்றுக்கு 8, அட்டை, உறை, கூடவே இருவரின் நேரமும். நேரத்தை விட்டுவிடுவதுதான் வீட்டுத் தொழிலில் பெரிய ஓட்டை. இருபது பட்டையை மொத்தமாக வெட்டி, மொத்தமாக உருக்கி, மொத்தமாகத் தைத்து, ஆன நிமிடங்களை இருபதால் வகுங்கள். ஒன்றாகத் தைத்துப் பார்த்த நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் தப்பாக வரும்.

அடக்கம் 60 என்று வையுங்கள். விற்கும் தளம் 15 சதவீதம் எடுக்கும், உங்களுக்கு 25 சதவீதம் நிற்க வேண்டும். பலர் 60-உடன் அதன் 40 சதவீதத்தைக் கூட்டி 84 என்று வைப்பார்கள். தளம் 12.60 எடுத்ததும் மிஞ்சுவது 11.40, அதாவது விலையில் பதினான்கு சதவீதம்கூட இல்லை. சரியான வழி 60-ஐ 0.60-ஆல் வகுப்பது: விலை 100. தளத்துக்கு 15, அடக்கம் 60, கையில் 25. கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கடைக்காரரின் பங்கையும் இப்போதே இந்த வகுத்தலுக்குள் சேர்த்துவிடுங்கள்; பின்னால் விலையை ஏற்றுவது கஷ்டம்.

தொழில் பணத்துக்குத் தனிக் கணக்கு, இருவருக்கும் சம்பளம் என்று ஒரு தொகை. பதிவு, வரி, வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரின் அனுமதி ஆகியவற்றை விற்பனைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

அளவு கேட்பது

பெரும்பாலான பொருள் திரும்புவது அளவால். வாடிக்கையாளர் “லாப்ரடாருக்கு ஒன்று” என்பார். ஒரே இனத்தில் கழுத்து 38-ம் இருக்கும், 52-ம் இருக்கும். செ.மீ. எண் வராமல் ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். நூலைக் கழுத்தின் நடுவில் சுற்றி, இரண்டு விரல் உள்ளே விட்டு, அந்த நூலை ஸ்கேலில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இதைக் காட்டும் ஒரு படம் பத்து வரி விளக்கத்துக்குச் சமம். எண் இரண்டு அளவுக்கும் எல்லையில் விழுந்தால், வளரும் குட்டிக்குப் பெரியது. குட்டி என்றால் வாரம் ஒருமுறை விரல் விட்டுப் பார்க்கும்படி அட்டையில் ஒரு வரி போடுங்கள்.

பெயர் தைத்துக் கேட்டால் எழுத்தை வாடிக்கையாளரே தட்டச்சு செய்து அனுப்பட்டும், அதை அப்படியே நகலெடுங்கள். போனில் கேட்டு எழுதிய பெயர் நிச்சயம் ஒரு நாள் காலை வாரும்.

பட்டை அறுந்தது என்று யாராவது சொன்னால் முதலில் நாய் பத்திரமா என்று கேளுங்கள், பிறகு படமும் தொகுதி எண்ணும். வாதம் வேண்டாம். புதியது அனுப்பி, பழையதைத் திரும்ப வாங்கி மேசையில் வைத்து இருவரும் பாருங்கள்: அறுந்த நூலா, கடித்த நாடாவா, திறந்த வளையமா. கடித்த இடத்தில் இழைகள் நனைந்து பிசிறி, ஒழுங்கில்லாத உயரத்தில் நிற்கும். இழுபட்டு விட்ட தையலில் நாடா முழுசாக இருக்கும், நூல் மட்டும் போயிருக்கும். ஒரே தொகுதியிலிருந்து இரண்டாவது புகார் வந்தால் மீதியை நிறுத்தி, அந்தத் தொகுதியை வாங்கிய எல்லோருக்கும் நீங்களே தகவல் அனுப்புங்கள்.

மூன்று மாதம் தொகுதி நோட்டில் புகார் எழவில்லை என்றால் இரண்டாவது பொருளாக லீஷ் எடுக்கலாம். அதே ரோல், அதே நூல், புதிதாக ஒரு கொக்கி மட்டும். கொக்கியோடு சேர்த்து 150 செ.மீ. வேண்டுமானால் 172 வெட்டுங்கள். கைப்பிடி வளையத்துக்கு 23-ம் கொக்கி மடிப்புக்கு 6-ம் போகும், கொக்கி ஏறத்தாழ 7 கூட்டும். கொக்கியில் முதலில் உடைவது சுழலும் கழுத்துத்தான், அதையும் வாளியில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.